டேங்கில் ஊற்றும் பாட்டில்... இன்ஜின் கரியை நீக்குமா?

காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

போன வைகாசியில் நடந்தது. 60 பெட்டி தக்காளியை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். எங்கள் டீசல் மினி லாரிக்கு ஒன்பது வயது. சமதரையில் எப்படியோ ஓடிவிட்டது. ஊர் எல்லை தாண்டியதும் ஒரு மேடு வரும். அதில் ஏறும்போது வண்டிக்கு இழுவையே இல்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கறுப்புப் புகைதான் கூடியதே தவிர, வேகம் கூடவில்லை. பின்னால் பைக்கில் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிவிட்டுப் போனார். முதல் கியரிலேயே உருட்டி உருட்டிப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. முதலில் விற்றவர்களைவிடப் பெட்டிக்கு 40 ரூபாய் குறைவாகத்தான் எங்களுக்குக் கிடைத்தது. ஒரே நாளில் 2,400 ரூபாய் போயிற்று.

இத்தனைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. இழுவை குறைகிறது என்று தெரிந்ததுமே, 'இன்ஜின்ல கரி பிடிச்சிருக்கும். இதை டேங்க்ல ஊத்துங்க, எல்லாம் கரைஞ்சிடும்' என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, 400 ரூபாய் பாட்டில் ஒன்றை வாங்கி ஊற்றினேன். கேட்கவில்லை. இன்னொன்று ஊற்றினேன். இரண்டு மாதத்தில் நான்கு பாட்டில், 1,600 ரூபாய்.

கடைசியில் பட்டறைக்குத்தான் போனேன். மெக்கானிக் அண்ணன் இன்ஜினைத் தொடவே இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. "தம்பி, மூக்கை அடைச்சுக்கிட்டு ஓடச் சொன்னா மனுசனே ஓட மாட்டான். வண்டி எப்படி ஓடும்?" என்றார். அதன் பிறகு நாசில்களைக் கழற்றிச் சோதித்ததில், ஒன்று டீசலைத் தூவாமல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. ஃபில்டர், நாசில் வேலை எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். அன்றே மேட்டில் மூன்றாவது கியரில் ஏறியது.

அப்படியென்றால் அந்தப் பாட்டில் மருந்து ஏமாற்றா? முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. நல்ல மருந்துதான், நோய் வேறாக இருந்தது. இன்றைக்குக் கார், டிராக்டர், மினி லாரி, பைக், புல்வெட்டும் கருவி என்று ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் இரண்டு, மூன்று இன்ஜின்களாவது இருக்கின்றன. இந்த மருந்து எங்கே கேட்கும், எங்கே கேட்காது என்பது தெரிந்தால் பணம் மிச்சமாகும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கரி எப்படி உருவாகிறது?

விறகடுப்பைப் பார்த்தாலே போதும். காய்ந்த விறகை வைத்து, ஊதுகுழலால் நன்றாக ஊதினால் புகையில்லாமல் எரியும். ஈர விறகை வைத்தாலோ, அடுப்பு வாயை விறகால் அடைத்தாலோ புகை மண்டும். பாத்திரத்தின் அடியில் கரி அப்பும். இன்ஜினுக்குள் நடப்பதும் இதேதான். பெட்ரோல், டீசல் இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்கள். போதுமான காற்றும் சூடும் கிடைத்தால் முழுமையாக எரிந்து ஆவியாக வெளியேறிவிடும். காற்று குறைந்தாலோ, எரிபொருள் அதிகமானாலோ, இன்ஜின் சூடேறாமல் இருந்தாலோ எரியாத கார்பன் மிஞ்சும். அதில் ஒரு பகுதி புகையாக வெளியே போகும். மீதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டும் இடங்கள் இவை: இன்ஜெக்டர் அல்லது நாசிலின் நுனி, காற்று உள்ளே வரும் வால்வின் பின்பக்கம், பிஸ்டனின் தலை, பிஸ்டன் ரிங் உட்காரும் காடி, ஸ்பார்க் பிளக், சைலன்சருக்குப் போகும் துவாரம். இப்போதைய டீசல் கார்களில் புகையின் ஒரு பகுதியைத் திரும்பவும் இன்ஜினுக்குள் அனுப்பும் 'இஜிஆர்' என்ற வால்வு உண்டு. அங்கேயும், அதை அடுத்த காற்றுக் குழாயிலும் புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி அப்பிக்கொள்ளும்.

இன்ஜெக்டர் நுனியில் உள்ள துளைகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவுதான் இருக்கும். அதன் வாயில் மெல்லிய படலமாகக் கரி ஒட்டினாலே போதும். பனி மாதிரித் தூவ வேண்டிய எரிபொருள் கோடாகப் பீய்ச்சும். கோடாகப் பீய்ச்சினால் சரியாக எரியாது. சரியாக எரியாவிட்டால் மேலும் கரி. இப்படி ஒன்று இன்னொன்றை வளர்த்துக்கொண்டே போகும்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

'ஃப்யூல் அடிட்டிவ்' என்ற பெயரில் விற்கும் எல்லாமே ஒன்றல்ல. ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

முதல் வகை, கரியைக் கழுவும் வகை. இதுதான் நம் பேச்சுக்கு உரியது. சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போவதுபோல, இந்த வேதிப்பொருள் கரிப் படலத்தைப் பிடித்துக்கொண்டு எரிபொருளோடு போய் எரிந்துவிடும். பெட்ரோலுக்கான பாட்டில்களில் 'பாலிஈதர்அமீன்' (பிஇஏ), 'பாலிஐசோபியூட்டலீன் அமீன்' என்ற பெயர்கள் இருக்கும். இவற்றில் பிஇஏ, இன்ஜெக்டர், வால்வு ஆகியவற்றோடு எரியும் அறைக்குள்ளும் வேலை செய்யக்கூடியது. டீசலுக்கு வேறு வகைக் கழுவுபொருள்கள் உண்டு. அதனால் பெட்ரோலுக்கு உள்ளதை டீசலிலும், டீசலுக்கு உள்ளதைப் பெட்ரோலிலும் ஊற்றக் கூடாது.

இரண்டாவது வகை, டீசல் சீக்கிரம் பற்றிக்கொள்ள உதவும் 'சீட்டேன்' உயர்த்தி. குளிர்நேரத்தில் ஸ்டார்ட் ஆவது சுலபமாகும். தட்டும் சத்தம் குறையும். கரியைக் கழுவுவது இதன் வேலை அல்ல.

மூன்றாவது வகை, டேங்கில் சேரும் தண்ணீரையும் அதில் வளரும் நுண்ணுயிர்களையும் கவனிப்பது. டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கினால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கொழகொழவென்று கசடு சேரும். அது ஃபில்டரை அடைக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கழுவும் பொருள் பாட்டிலில் மட்டும்தான் கிடைக்கும் என்பதில்லை. பங்க்குகளில் கொஞ்சம் விலை கூடுதலாக விற்கும் பிரீமியம் பெட்ரோலிலும் டீசலிலும் எண்ணெய் நிறுவனங்களே இப்படிப்பட்ட பொருள்களைக் கலந்து தருகின்றன. அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவு கழுவுபொருள் சேர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த அளவு போதாது என்று சில கார் நிறுவனங்கள் 2004-ல் 'டாப் டயர்' என்ற கூடுதல் தர அளவைக் கொண்டுவந்தன. அங்குள்ள 'ஏஏஏ' என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. 4,000 மைல், அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக இன்ஜினை ஓட்டிப் பார்த்ததில், அந்தக் கூடுதல் தரம் இல்லாத பெட்ரோலில் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவு இருந்தது. ஆகவே, கழுவுபொருள் வேலை செய்யும் என்பதில் சந்தேகம் இல்லை. எந்த இடத்தில் வேலை செய்யும் என்பதுதான் கேள்வி.

எரிபொருள் போகும் வழியில்தான் மருந்தும் போகும்

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சொட்டுவானில் உப்பு அடைத்தால் ஆசிட் கலந்து விடுகிறோம். அது தண்ணீர் போகும் குழாயில் மட்டும்தான் வேலை செய்யும். வால்வு மூடியிருக்கும் வயலுக்கு ஆசிட் போகுமா? அதேபோல, மெயின் ஃபில்டர் கிழிந்து மண் வந்துகொண்டே இருந்தால் மாதம் ஒரு முறை ஆசிட் விட்டாலும் பயன் கிடையாது. டேங்கில் ஊற்றும் மருந்துக்கும் இந்த இரண்டு விதிகளும் பொருந்தும்.

* பெரும்பாலான பெட்ரோல் கார்களில் உள்ளது எம்பிஎஃப்ஐ முறை. இதில் பெட்ரோல், வால்வின் பின்பக்கத்தில் தூவப்படுகிறது. அதனால் மருந்து இன்ஜெக்டரையும் கழுவும், வால்வையும் கழுவும். பாட்டில் மருந்து நன்றாகப் பயன்படும் இடம் இதுதான்.

* சில புதிய டர்போ பெட்ரோல் கார்களில் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் தூவப்படுகிறது. இதில் காற்று வரும் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. டேங்கில் எவ்வளவு ஊற்றினாலும் அந்த வால்வில் உள்ள கரி போகாது. இன்ஜெக்டர் நுனி மட்டும் சுத்தமாகும். வால்வுக் கரியைப் பட்டறையில் காற்றுக் குழாயைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

* டீசல் இன்ஜினில் மருந்து, நாசில் நுனியைக் கழுவும். இஜிஆர் வால்வையும் காற்றுக் குழாயையும் எட்டாது. அவற்றைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

* தேய்ந்துபோன ரிங், தேய்ந்துபோன ஸ்லீவ், பழுதான நாசில், ஓட்டை விழுந்த காற்றுக் குழாய் ஆகியவற்றை எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது. கரி என்பது அழுக்கு, தேய்மானம் வேறு. அழுக்கைக் கழுவலாம். தேய்ந்ததைக் கழுவி வளர்க்க முடியாது.

முதலில் புகையைப் பாருங்கள்

மாட்டுக்குச் சாணத்தைப் பார்த்து நோய் சொல்வதுபோல, இன்ஜினுக்குப் புகையைப் பார்த்துச் சொல்லலாம்.

கறுப்புப் புகை: எரிபொருள் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, அளவுக்கு மீறிய பாரம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். செலவு குறைந்ததும் அதுதான். அதிகம் நடப்பதும் அதுதான்.

நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு பக்கம் பிரச்னை. எரிபொருள் மருந்தால் தீராது. ஆயில் எரிய எரிய உள்ளே கரியும் கூடும்.

வெள்ளைப் புகை: குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் கவலை வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் வந்துகொண்டே இருந்தால், டீசல் எரியாமல் போகிறது அல்லது கூலண்ட் தண்ணீர் உள்ளே கசிகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மருந்து வாங்குவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்: ஏர் ஃபில்டர், காற்றுக் குழாயின் கிளாம்ப், டீசல் ஃபில்டர், வால்வு இடைவெளி, நாசில் சோதனை. டீசல் பம்ப் பட்டறையில் நாசிலைக் கைப்பம்பில் பொருத்தி அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பனிபோலத் தூவி, சட்டென்று நிற்க வேண்டும். கோடாகப் பீய்ச்சினாலோ, நின்ற பிறகு நுனியில் சொட்டினாலோ அது வேலைக்கு ஆகாது. இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். யார் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு பாட்டில் 400 ரூபாய் என்றும், டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் டேங்கை நிரப்ப 4,600 ரூபாய் ஆகும். ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு பாட்டில் ஊற்றினால், போட்ட காசை எடுக்கவே கிட்டத்தட்ட 9 சதவிகிதம் டீசல் மிச்சமாக வேண்டும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் அவ்வளவு மிச்சமாக வாய்ப்பே இல்லை. அது நஷ்டக் கணக்கு.

அதையே 250 மணி நேரத்துக்கு ஒரு முறை, சர்வீஸை ஒட்டி ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 4 லிட்டர் குடிக்கும் டிராக்டர் 250 மணி நேரத்தில் 1,000 லிட்டர் குடிக்கும், 92,000 ரூபாய். அதில் 400 ரூபாய் என்பது அரை சதவிகிதத்துக்கும் கீழே. நாசில் சுத்தமாக இருக்க இந்தச் செலவைத் தாங்கலாம்.

ஆக, பாட்டில் என்பது தடுப்பூசி மாதிரி. எப்போதாவது ஒரு முறை போதும். தினமும் ஊட்டும் தீவனம் அல்ல. 'மைலேஜ் 30 சதவிகிதம் கூடும்', 'தேய்ந்த ரிங் சரியாகிவிடும்', 'இனி ஆயிலே மாற்ற வேண்டாம்' என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பலன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டேங்க்-டு-டேங்க் கணக்கு எழுதுங்கள். டேங்கை முழுக்க நிரப்பி, ஓடிய கிலோமீட்டரையோ மணியையோ குறித்து, மறுபடியும் முழுக்க நிரப்பி எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். மருந்து ஊற்றுவதற்கு முன் மூன்று முறை, ஊற்றிய பின் மூன்று முறை, ஒரே மாதிரி வேலையில். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஈர நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டுவதற்கும், காய்ந்த நிலத்தில் ஓட்டுவதற்குமே டீசல் கணக்கு மாறும்.

ஊற்றுவது என்று முடிவு செய்தால்...

* உங்கள் வண்டியோடு வந்த கையேட்டை முதலில் பாருங்கள். உத்தரவாத காலத்தில் உள்ள வண்டியாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

* பாட்டிலில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். இரட்டிப்பு அளவு ஊற்றினால் இரட்டிப்புப் பலன் வராது.

* டேங்கில் முதலில் மருந்தை ஊற்றிவிட்டு, பிறகு எரிபொருளை நிரப்பினால் நன்றாகக் கலந்துவிடும்.

* இரண்டு கம்பெனி மருந்தை ஒரே டேங்கில் கலக்காதீர்கள்.

* ஊற்றிய பிறகு வண்டியை வீட்டில் நிறுத்தி வைக்காமல், நல்ல சூட்டில் நீண்ட தூரம் ஓட்டுங்கள். பழைய வண்டி என்றால், அந்த டேங்க் தீர்ந்ததும் எரிபொருள் ஃபில்டரைப் பார்த்துவிடுங்கள். கரைந்து வரும் கசடு அங்கேதான் தங்கும்.

* இரும்பு, மாங்கனீஸ் போன்ற உலோகம் கலந்த மருந்துகள் பிளக்கிலும், புகை வடிகட்டியிலும் சாம்பலாகப் படியும். பிஎஸ்-6 வண்டிகளுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

* பாட்டிலைப் பூச்சிமருந்து, மாட்டு டானிக் பக்கத்தில் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், மூடியைத் திருகி வையுங்கள். எரிபொருளையோ மருந்தையோ குழாய் வைத்து வாயால் உறிஞ்சக் கூடாது.

செலவில்லாமல் கரியைத் தடுக்க...

கரியைக் கழுவுவதைவிட, கரி சேராமல் பார்ப்பதுதான் லாபம்.

டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போது டிராக்டரை ஓடவிட்டு நிற்பதை நிறுத்துங்கள். பாரம் இல்லாமல் நீண்ட நேரம் ஓடும் இன்ஜினில் சிலிண்டர் போதுமான சூடு ஏறாது; அரைகுறையாக எரிந்து கரி சேரும். டர்போ இன்ஜினை நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஓடவிடுவது அவசியம். அதற்கு மேல் வேண்டாம்.

'சூடு ஏறுது' என்று சொல்லி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். கரி, டீசல் செலவு, ஆயில் கெடுவது மூன்றுக்கும் அது வழி. உண்மையில் ரேடியேட்டரின் முன்னால் வைக்கோல் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே போதும்.

பழைய டிராக்டர்களில் உள்ள ஆயில் கிண்ண ஏர் கிளீனரில், கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துக் கரியாக்கும். கோட்டுக்குக் கீழே குறைந்தால் தூசி உள்ளே போகும். புழுதியில் வேலை செய்யும் நாள்களில் தினமும் பாருங்கள்.

இன்ஜின் திணறிக் கறுப்புப் புகை தள்ளினால், ஒரு கியர் குறையுங்கள். பெரிய கியரில் இழுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது தப்புக் கணக்கு.

வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்புங்கள். காலி டேங்கில் இரவில் பனித்துளி கோக்கும். அந்தத் தண்ணீர்தான் டேங்கின் அடியில் தங்கும். டிரம்மில் டீசல் வைத்திருப்பவர்கள் ஒருநாள் தெளியவிட்டு, அடிக்கசடு வராமல் மேலாக எடுங்கள்.

பங்க்கில் சந்தேகம் வந்தால் கேளுங்கள். பெட்ரோலுக்கு ஃபில்டர் பேப்பர் சோதனையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு துளி விட்டால், கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தியைக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கலப்பட எரிபொருளை ஊற்றிவிட்டு, கரிக்கு மருந்து ஊற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கும் கதைதான்.

வாசகர் கேள்விகள்

'பெட்ரோல் டேங்கில் பாச்சா உருண்டை போட்டால் மைலேஜ் கூடும் என்கிறார்களே, உண்மையா?'
– விருதுநகர் மாவட்ட வாசகர்

வேண்டாம். பாச்சா உருண்டை பல ஆண்டுகளாக நாஃப்தலீனில்தான் செய்யப்பட்டது. அதைப் பற்றவைத்துப் பாருங்கள், கறுப்புப் புகையாக எரியும். கரியைக் குறைக்கப்போய்க் கரியை நாமே வாங்கிப் போட்ட மாதிரி ஆகிவிடும். இப்போது விற்கும் உருண்டைகள் சிலவற்றில் குளோரின் கலந்த வேறு பொருள் இருக்கிறது. எரிந்தால் அதிலிருந்து அமிலம் உண்டாகி இன்ஜினை அரிக்கும்.

'சில மாதங்களாக காரில் மைலேஜ் குறைந்திருக்கிறது. கரியாக இருக்குமா?'
– ஈரோடு மாவட்ட வாசகர்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்போது பங்க்குகளில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் வருகிறது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனாலில், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், கலவையில் 6 முதல் 7 சதவிகிதம் சக்தி குறையும். ஆகவே, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த கார் 17-க்கு வந்தால் பயப்பட வேண்டாம். அதை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. 18 கொடுத்தது 14-க்கு இறங்கினால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால் ஒரு முறை கழுவும் மருந்தை முயன்று பார்க்கலாம்.

'புல்வெட்டும் கருவி சீக்கிரமே திணறுகிறது. மருந்து ஊற்றலாமா?'
– தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

உங்களுடையது 2-ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலக்கும் அளவைப் பாருங்கள். கையேட்டில் 1:50 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 1:40 என்றால் 25 மில்லி. 1:25 என்றால் 40 மில்லி. 'கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லது' என்று கண்மதிப்பாக ஊற்றுவதால்தான் சைலன்சர் துவாரத்திலும் அதன் சல்லடையிலும் கரி அடைக்கிறது. சைலன்சரைக் கழற்றி, பிஸ்டன் துவாரத்தை மூடியிருக்கும் நிலையில், மரக்குச்சியால் கரியைச் சுரண்டி எடுங்கள். இரும்பால் கீறாதீர்கள். சாதாரண மோட்டார் ஆயிலைத் தவிர்த்து 2டி ஆயில் மட்டும் பயன்படுத்துங்கள். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் உள்ளே விடக் கூடாது.

'டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜின் சுத்தமாகும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது...'
– திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

தவறான பேச்சு. டீசல் பம்பும் நாசிலும் டீசலின் வழவழப்பில்தான் தேயாமல் ஓடுகின்றன. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு குறைவு. 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 50 பிபிஎம்-லிருந்து 10 பிபிஎம்-ஆகக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும்போது குறையும் வழவழப்பை ஈடுகட்ட, சுத்திகரிப்பு நிலையத்திலேயே அதற்கான பொருளைச் சேர்க்கிறார்கள். அதில் மண்ணெண்ணெயைக் கலப்பது அந்த ஏற்பாட்டைக் கெடுப்பதாகும். 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடும் காமன் ரயில் வண்டிகளில் இந்த விளையாட்டு, பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் மொத்தமாக மாற்றும் செலவில் கொண்டுபோய் விடும்.

'டவுனில் இன்ஜினைப் பிரிக்காமலே மெஷின் வைத்துக் கரி எடுக்கிறார்கள். செய்யலாமா?'
– கோவை மாவட்ட வாசகர்

பிளக் துவாரம் வழியாக கேமரா விட்டு, கரி இருப்பதை முதலில் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தைத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சம்மதிப்பவரிடம் கொடுக்கலாம். காட்ட மறுப்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

கடைசியாக எங்கள் வண்டியின் கதை. ஃபில்டரும் நாசிலும் மாற்றிய அன்று, "இனிமே அந்த மருந்தை ஊத்தவே கூடாதாண்ணே?" என்று கேட்டேன். "ஊத்து தம்பி, வேணாங்கல. சர்வீஸ் பண்றப்ப ஒரு தடவை ஊத்து. ஆனா, பாட்டிலைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஃபில்டரைத் தொறந்து பாரு" என்றார். இப்போது ஏர் ஃபில்டரைத் தட்டிய தேதியைக் கதவுக்கு உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைக்கிறோம். ஐப்பசியில் அதே மேட்டில் 70 பெட்டி ஏற்றிக்கொண்டு போனோம். ஏலம் ஆரம்பிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம்.